முழங்காலுக்கு இரண்டு விரல் குறைச்சல்

எங்கள் அக்காவைக் கட்டியவருக்கு ஊரில் முழங்கால் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும்.

நகரசபையில் அவருக்குப் புல் பார்க்கிற வேலை. காலி மனையில் புல் மண்டிவிட்டது, புதருக்குள் பாம்பு குடித்தனம் நடத்துகிறது என்று ஜனங்கள் புகார் கொடுத்தால் இவர் போய்ப் பார்ப்பார். முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தால் மனைக்காரருக்கு நோட்டீஸ். ஏழு நாளில் வெட்டாவிட்டால் நகரசபையே வெட்டும். வெட்டியதை அள்ளுகிற லாரிக்கு நான் டிரைவர்.

யாருடைய முழங்கால் என்று கேட்காதீர்கள். அதற்காகவே சிவப்புக் கோடு போட்ட கம்பு ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒரு நாயை விரட்டப் போய் அதை முறித்துக்கொண்டார். புதுசு வரும்வரை காத்திருக்கிற ஜென்மமா அது? அன்று முதல் சொந்தக் காலை வைத்தே அளந்தார். மச்சானோ தபால் பெட்டி உயரம். அவர் கணக்குப்படி வாசலில் மிதியடி போட்டவனுக்கும் நோட்டீஸ் கொடுக்கலாம்.

உட்காரத் தெரியாத மனுஷன். கல்யாண போட்டோவில் அக்கா தெளிவாக இருக்கிறாள். பக்கத்தில் புகை மாதிரி ஒன்று தெரிகிறதே, அதுதான் மாப்பிள்ளை.

அதனால், "இன்னொரு நோட்டீஸ் தப்பாப் போச்சு, உன்னைப் புகார் எழுதுற போன் மேஜையில உக்கார வச்சிருவேன்" என்று அதிகாரி சொன்னதும் ஆளுக்கு உயிரே போய்விட்டது. வேலையை விட்டுத் தூக்குகிறேன் என்றிருந்தால்கூடச் சிரித்திருப்பார்.

அந்த வாரமே நாலாவது தெருத் தையல்காரம்மா புகார் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் காலி மனை. "கொசு கடிக்கிற கடியில, ஊசி எது, கொசு எதுன்னே தெரியல சார்!"

மச்சான் ஓடினார், காலை வைத்துப் பார்த்தார், நோட்டீஸை ஒட்டினார். மனைக்காரர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். கூரை இடிக்குமென்று குனிந்தபடியே சர்வீஸை முடித்தவர்.

"என்னய்யா இது? எனக்குக் கணுக்காலுக்குக்கூட வரல!"

"பெரியவரே, வளந்தது புல்லா நீங்களாங்கிறதா இப்பப் பேச்சு?"

"அப்ப உன் காலுதான் சட்டமா?"

தெருவே கூடிவிட்டது. அதிகாரி டேப்போடு வந்து அளந்தார். சிவப்புக் கோட்டு உயரத்துக்கு இரண்டு விரல் குறைச்சல்.

"சார், ஏழு நாள் கெடு இருக்கே. அதுக்குள்ள வளந்துரும் சார்" என்று மச்சான் கெஞ்சினார்.

"சரி, ஏழாம் நாள் அளக்கிறேன். வரலேன்னா மேஜை."

பதினெட்டு வருஷமாகப் புல்லைக் கண்டாலே பல்லைக் கடித்தவர், ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தப் புல்லைப் போய்ப் போய்ப் பார்த்தார். வெயிலோ பாறையைப் பிளந்தது. புல் அசையவில்லை.

"நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தப்பகூட இந்த மனுஷன் இப்படித் தவிக்கலடா" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் விடிந்ததும் லாரியில் தண்ணீர் பீப்பாய் ஏற்றச் சொன்னார்.

"மச்சான், நாம வெட்டுற ஆளுங்க."

"வெட்டணும்னா மொதல்ல வளரணும்ல மாப்ள? ஏத்து."

ஏற்றினேன். தினமும் ஊற்றினோம்.

ஏழாம் நாள் டேப் வைத்தால், கோட்டுக்கு மேலே ஒரு விரல்! மச்சான் குதித்த குதியில் தபால் பெட்டி கண்டக்டர் உயரத்துக்குப் போய் வந்தது. அப்போது பின்சன்னலில் தையல்காரம்மாவின் தலை தெரிந்தது.

"நல்லா அளங்க சார்! நான் வெட்டச் சொல்லிப் புகார் கொடுத்தா, உங்க ஆளு தண்ணி ஊத்தி வெவசாயம் பண்றாரு!"

அதிகாரி திரும்பினார். "ஊத்தினியா?"

பொய் சொல்வதற்கும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். நிற்கத்தான் அவருக்கு வராதே. "ஊத்தினேன் சார்."

நோட்டீஸைக் கிழித்தார்கள். மச்சானை மேஜையில் உட்கார வைத்தார்கள். அன்றே மழையும் பிடித்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். லாரிச் சாவியை மேஜைமேல் வைத்தேன். அது தானாக நகர்ந்தது. அவர் தொடை ஆடிய ஆட்டத்தில் மேஜை சுவரை இடித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. தையல்காரம்மாதான். எதிர்ப்பக்கம் இருந்த எனக்கே காது அடைத்தது.

"இடுப்புக்கு மேல வந்துருச்சுய்யா! உள்ள என்னமோ சீறுது. என் பேத்தி தவழுற வீடு. ஆளு அனுப்புவீங்களா மாட்டீங்களா?"

புகாரை எழுதி, இவர் இடத்துக்கு வந்த புது ஆளிடம் அனுப்ப வேண்டும். அவன் போய்ப் பார்க்க இன்னும் ஒரு வாரம் ஆகும். மச்சான் ஒரு வரி எழுதினார். பேனா நின்றது.

"மாப்ள, இதக் கொஞ்சம் புடி."

ரிசீவர் என் கையில். நாற்காலி காலி. கத்தி, அரிவாள் வைக்கிற அறைக் கதவு படாரென்றது. குனிந்து பார்த்தால் மேஜைமேல் சாவியைக் காணோம். வாசலில் என் லாரி உறுமுகிற சத்தம் கேட்டது.

மச்சானுக்கு லாரி ஓட்டத் தெரியாது.

"ஹலோ! எப்ப வருவாங்க?"

"கெளம்பிட்டாரும்மா" என்றேன். "தெருவுல யாரும் நிக்க வேணாம்னு மட்டும் சொல்லுங்க."