டிறைவர் மீராசாஹிபுவின் சொல்

சாய்ந்தமருதில் வாகனம் ஓடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் தொண்ணூறாம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு வாவியைக் கடக்கப் போட்ட கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி ஓடக்கூடியவர் மீராசாஹிபு ஒருவர்தான்.

அதற்கு முன் அவர் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் லொறி ஓடினார். களத்துக்குக் களம் போய் நெல் ஏற்றியவர். அக்கரையில் சவளக்கடையிலும் சொறிக்கல்முனையிலும் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்காத வீடு குறைவு. வன்செயலோடு வாவிக்கு அந்தப் பக்கம் தமிழ் ஊர்கள் என்றும் இந்தப் பக்கம் முஸ்லிம் ஊர்கள் என்றும் ஆயிற்று. அந்தப் பக்கம் வயல் வைத்திருந்த முஸ்லிம்கள் வரம்பில் கால் வைக்க முடியாமல் இருந்தார்கள். ஆலைக்காரர் லொறியை விற்றார். மீராசாஹிபு வீட்டில் இருந்தார்.

பிறகு கல்முனையில் வெளிநாட்டு வைத்தியத் தொண்டு நிறுவனம் ஒன்று ஒபிஸ் திறந்தது. அவர்களுக்கு வழி தெரிந்த ஆள் வேண்டும். வழியில் உள்ளவர்களுக்கும் அந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் மீராசாஹிபுவிடம் இருந்தன.

புதன்கிழமைகளில் அவர் நோர்வேயிலிருந்து வந்த இங்கர் என்ற தாதியைச் சொறிக்கல்முனைக்கு ஏற்றிப் போவார். சம்பளம் இல்லாமல் தொண்டு செய்ய வந்தவள். ஒரு வருடத்தில் மருந்துக்கும் சந்தைக்கும் போதுமான தமிழ் படித்திருந்தாள். எல்லோரும் அவளை மிஸ்ஸி என்பார்கள்.

வெள்ளை வாகனத்தின் கதவில், துப்பாக்கியின் மேல் சிவப்புக் கோடு போட்ட படம் ஒட்டியிருந்தது. ஒபிஸுக்குத் தெரியாத யாரையும் ஏற்றக்கூடாது. ஆயுதக்காரர் எந்தப் பக்கத்தவரானாலும் கூடாது. ஆபத்தா இல்லையா என்பதில், பாதையில் டிறைவரின் சொல்தான் கடைசி. வைத்தியர் வந்தாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

மீராசாஹிபுவுக்கு இவை தவிர வேறு முறைகளும் இருந்தன. கிட்டங்கியில் கச்சிமுகம்மதுவின் தேத்தண்ணிக் கடையோரம் வாகனத்தை நிறுத்துவார். அக்கரையிலிருந்து தயிர்ச் சட்டி கட்டிய சைக்கிள்கள் வருகின்றனவா என்று பார்ப்பார். வந்தால் ஒருவனிடம், "அங்கால எப்படி?" என்பார். தயிர்க்காரன் வராத நாளில் வாகனம் திரும்பும். யன்னல் கண்ணாடிகள் இறங்கியே இருக்கும். தலையில் இருக்கும் தொப்பியை அவர் கழற்றமாட்டார். தூரத்திலிருந்தே ஆள் யார் என்று தெரியட்டும் என்பார்.

"வழி எப்படி?" என்று இங்கர் கேட்பாள்.

"நல்லம். போவம்." இல்லாவிட்டால், "இண்டைக்கு வேணாம்."

ஒருதரம் அவர் வேணாம் என்றபோது அவள் முகம் சுளித்தாள். அன்று பின்னேரம் அதே பாதையில் சண்டை நடந்தது. அதற்குப் பிறகு அவள் முகம் சுளித்ததில்லை.

தாம்போதியில் இப்படி இருந்த மீராசாஹிபு வீட்டில் வேறு ஆள். வீடு அவருடையதல்ல. அந்தக் கரையோரத்து வழக்கப்படி அது மனைவி ஜுனைதாவின் சீதன வீடு. அவர் வந்து குடியேறிய மாப்பிள்ளை. சவளக்கடையில் கிடந்த வயலும் அவள் வாப்பா எழுதிக் கொடுத்ததுதான். அதைப் பார்த்துச் செய்தவன் அவளுடைய தம்பி மஜீட். வயல் போன பிறகு மஜீட் அரசாங்கம் துப்பாக்கி கொடுக்கும் ஊர்காவல் படையில் சேர்ந்து துவக்கு ஒன்று வாங்கிக்கொண்டான்.

ஒரு நாள் பகல் சோற்றில் மஜீட் ஆரம்பித்தான்.

"மச்சான், கிழமைக்கு ஒருக்கா நம்மட வயலத் தாண்டித்தானே போறீங்க. ஆரு செய்றான் எண்டு பாத்தீங்களா?"

"நான் வழியப் பாப்பனா, வயலப் பாப்பனா?"

"வெள்ளக்காரியப் பாப்பீங்க."

"இவன்ட நாக்கப் பாருங்க," என்று ஜுனைதா அவன் சோற்றுக் கோப்பையில் மீன் ஆணத்தை ஊற்றினாள். சிரித்துக்கொண்டுதான் ஊற்றினாள்.

"என்னயும் ஒருக்கா ஏத்திட்டுப் போங்க மச்சான். இறங்கக்கூட மாட்டன். கண்ணால பாத்தாப் போதும்."

"நீ ஊர்காவல். அந்த வாகனத்துல உனக்கு இடமில்ல."

"துவக்க வீட்ட வெச்சா நானும் மனிசன்தானே?"

மீராசாஹிபு சோற்றைப் பிசைந்தார். ஜுனைதா மெதுவாகச் சொன்னாள்: "எங்கட வாப்பா தந்த காணி. நாளைக்கு நம்மட மகள் சஹ்லாக்கு அதத்தானே குடுக்கணும். ஒருக்காப் பாத்திட்டு வரட்டுமே. நீங்க சொன்னா அந்த வெள்ளக்காரப் புள்ள மாட்டன் எண்டா சொல்லும்?"

அவள் சொன்னது சரி. இங்கர் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். அந்த வீட்டில் மீராசாஹிபுவுக்கும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

அடுத்த புதன்கிழமை பெட்டி தூக்கும் பர்ஸான் காய்ச்சலென்று வரவில்லை. மஜீட் ஒபிஸ் வாசலில் நின்றான். வெள்ளைச் சாரம், இடுப்பில் பை வைத்துத் தைத்த அகலமான பச்சை வார். ஊரில் ஆண்கள் கட்டுகிற வார்தான்.

"இவர் ஆர்?" என்றாள் இங்கர்.

"பெட்டி தூக்க வந்த ஆள். பர்ஸானுக்குக் காய்ச்சல்."

"ஒபிஸுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் மீராசாஹிபு.

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அன்று தயிர்க்காரர்கள் நேரத்துக்கே வந்தார்கள். பாதையில் ஒன்றுமில்லை. சவளக்கடையில் வாய்க்கால் ஓரம் மீராசாஹிபு வேகத்தைக் குறைத்தார். பயிர் கதிர் தள்ளுமுன் குடலையில் நின்றது. மஜீட் பின் யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தான். வயல் பின்னால் போன பிறகு, "நல்லாத்தான் செஞ்சிரிக்கானுகள்," என்றான்.

சொறிக்கல்முனையில் பாலர் பாடசாலைக் கட்டடத்தில்தான் மருந்து கொடுப்பார்கள். தாய்மார் வாங்குகளில் இருந்தார்கள். பேர் கூப்பிட்டு வரிசை பார்ப்பவர் தம்பிமுத்து. அந்த ஊர் விவசாயி, மீராசாஹிபு லொறி ஓடிய காலத்திலேயே பழக்கம். அவருடைய மகள் சுஜித்தாவின் காலில் நெல் அவித்த வெந்நீர் கொட்டியிருந்தது. இங்கர் அந்தக் காலைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

மஜீட் கடைசிப் பெட்டியை வைக்கக் குனிந்தான். இடுப்பு வாரின் பைக்குள்ளிருந்து ஏதோ விழுந்து சீமெந்துத் தரையில் உருண்டது. சிவப்பு நிறத் தோட்டா. துவக்கை வீட்டில் வைத்தவன் வாரைத் தட்டிப் பார்க்கவில்லை. தினமும் கட்டுகிற வார். அதற்குள் என்ன கிடக்கிறதென்று யார் நினைப்பார்கள்?

தம்பிமுத்து அதன்மேல் காலை வைத்தார். காலை எடுக்காமல் அடுத்த பேரைக் கூப்பிட்டார். அதற்குள் ஒரு தாய் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தம்பிமுத்து குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் அதை எடுத்துக்கொண்டு வாகனத்தடிக்கு வந்தார்.

"இவன் ஆரு காக்கா?" என்றார். மூத்த முஸ்லிம் ஆண்களை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"பொண்டாட்டிட தம்பி."

"ஊர்காவலா?"

மீராசாஹிபு சட்டைப் பையில் சாவியைத் தேடினார்.

"இதக் கண்ட பொம்புளயள் வீட்ட போய்க் கதைக்காமல் இரிக்கமாட்டாளுகள். இயக்கப் பொடியனுகள்ர காதுக்குப் போனா இவன மட்டுமா தூக்குவானுகள்? மிஸ்ஸியையும் சேத்துத் தூக்குவானுகள். அவ உங்களுக்கு என்ன செஞ்சவ? வாகனத்தத் திருப்புங்க."

மீராசாஹிபு உள்ளே போனார். இங்கரின் கையில் துணிச்சுருள் பாதி அவிழ்ந்திருந்தது.

"மிஸ்ஸி, போவம். வழி சரியில்ல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. துணியின் நுனியைச் சுஜித்தாவின் தாயிடம் கொடுத்தாள். கட்டவேண்டிய விதத்தைக் கையால் காட்டிவிட்டு எழுந்து வந்தாள். பிள்ளை அழுதது.

தம்பிமுத்து சைக்கிளில் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் வாகனம் சைக்கிளின் வேகத்தில் போயிற்று. மஜீட் மருந்துப் பெட்டிகளுக்கு இடையில் படுத்துக் கிடந்தான். அவன் ஏன் அப்படிக் கிடக்கிறான் என்றும் அவள் கேட்கவில்லை. வழி சரியில்லை என்று சொன்னாயிற்று அல்லவா.

சவளக்கடைத் திருப்பத்தில் இரண்டு இயக்கத்து இளைஞர்கள் நின்றார்கள். தம்பிமுத்து இறங்கி அவர்களிடம் ஏதோ கதைத்தார். ஒருவன் வாகனத்தை நோக்கி நடந்து வந்து யன்னலில் கை வைத்தான். இங்கர் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வணக்கம் தம்பி. அம்மாட பிறஷர் எப்படி?"

அவன் சற்றே தடுமாறினான். "குறைவு மிஸ்ஸி," என்று சொல்லிக் கையை எடுத்தான்.

தாம்போதியின் அந்த முனையில் தம்பிமுத்து சைக்கிளைத் திருப்பினார். மீராசாஹிபு இறங்கிப் பக்கத்தில் போனார்.

"மிஸ்ஸி வரட்டும். வேற டிறைவரோட வரட்டும். நான் அங்க கதைச்சுக்கிறன்," என்றார் தம்பிமுத்து. "நீங்க வரவேணாம் காக்கா." சொல்லிவிட்டு மீராசாஹிபுவின் முகத்தைப் பார்க்காமலே ஏறி மிதித்தார்.

இக்கரை வந்ததும் இங்கர் நீளமாக மூச்சு விட்டாள். "நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வன்?" என்றாள்.

ஒபிஸில் பொறுப்பாளர் எல்லா டிறைவர்களையும் கூப்பிட்டு, ஆபத்தை முன்கூட்டி உணர்வது எப்படி என்பதற்கு மீராசாஹிபுவை உதாரணம் காட்டினார். தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தார்கள். அவர் தன் துண்டைக் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஜுனைதா அதைத் தம்பிக்குக் கொடுத்தாள். பயந்து போயிருக்கிறான் என்றாள்.

அடுத்த புதன்கிழமை தேத்தண்ணிக் கடையோரம் வாகனம் நின்றது. தயிர்ச் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"வழி எப்படி?"

அக்கரைக்குப் போகவும் முடியாது, ஏன் போகமுடியாது என்று சொல்லவும் முடியாது. சொன்னால் வேலை போகும். வேலை போனால் அந்த வீட்டில் அவர் யார்?

"இண்டைக்கு வேணாம், மிஸ்ஸி."

வாகனம் திரும்பியது. அதற்கடுத்த கிழமையும் திரும்பியது. கச்சிமுகம்மது கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மீராசாய்வு, தயிர்ச் சட்டி உடையாம வருது, உங்கட வாகனம் ஏன் திரும்பி ஓடுது? சட்டிக்கு இரிக்கிற தைரியம் உங்கட இரும்புக்கு இல்லயா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இங்கர் சிரிக்கவில்லை. அவள் சைக்கிள்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த மருந்துப் பையை மூடினாள்.

"நீங்க சொன்னாச் சரி," என்றாள்.

அவள் சந்தேகப்பட்டிருந்தால் அவருக்கு இலேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் முறை அவர்கள் போனபோது கடை வாங்கில் தம்பிமுத்து இருந்தார். பக்கத்தில் சுஜித்தா. காலில் சேலைத் துணி சுற்றியிருந்தது. இலையான் மொய்த்தது. சைக்கிள் பாரில் வைத்து அவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தார். இங்கர் ஓடிப்போய் முழங்காலில் நின்று துணியை அவிழ்த்தாள். நாற்றத்தில் கச்சிமுகம்மது முகத்தைத் திருப்பினார்.

"ஏன் மிஸ்ஸி நீங்க வரல்ல?" என்றாள் சுஜித்தா.

"வழி சரியில்லை, பிள்ளை."

"வழியா?" என்றார் தம்பிமுத்து.

இங்கர் தலை நிமிர்த்தினாள். "வழி எப்படி, ஐயா?"

தம்பிமுத்து மீராசாஹிபுவைப் பார்த்தார். அவர் சொல்லிவிடுவார் என்று மீராசாஹிபு நினைத்தார். சொல்லட்டும் என்றுகூட நினைத்தார்.

"அத டிறைவரத்தான் கேக்கணும், மிஸ்ஸி."

அவர் அன்றும் தோட்டாவின்மேல் கால் வைத்து மறைத்தார், இன்றும் மறைக்கிறார். அது மீராசாஹிபுவால் தாங்க முடியாமல் இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வழி நல்லம், மிஸ்ஸி. அண்டைக்கும் நல்லம். நான் ஏத்தி வந்த ஆள்தான் கூடாத ஆள். என்ட மச்சான். ஊர்காவல். ஒபிஸுக்குத் தெரியாது. அவன்ட வார்ல இருந்து தோட்டா விழுந்திச்சு, அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள. இவர்தான் மறைச்சவர். இவர்தான் நம்மளக் கொண்டுவந்து விட்டவர். வேற டிறைவரோட உங்கள வரச் சொன்னவர். நான் அதச் சொல்லல்ல."

இங்கரின் கை நிற்கவில்லை. புண்ணைக் கழுவி முடித்தாள்.

"இந்தப் பிள்ளை பாத்ததா?"

"அவதான் முதல்ல கண்டவ," என்றார் தம்பிமுத்து. "பேனை மூடி எண்டு நெனச்சா."

இங்கர் புதுத் துணியைச் சுற்றத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது.

"நான் திருப்பத்தில நிண்ட அந்தப் பொடியனுக்கு வணக்கம் சொன்னன்," என்றாள். "அம்மாவைப் பத்தியும் கேட்டன்."

குரலில் கோபம் இல்லை. அந்த நேரத்தைத் திரும்பிப் போய்ப் பார்த்தவள் போல இருந்தது. மீராசாஹிபு சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"முதல்ல ஆஸ்பத்திரி. ஓடுங்க."

அதுதான் அவர் அந்த வாகனத்தைக் கடைசியாக ஓடியது. தம்பிமுத்துவும் பிள்ளையும் பின்னால் இருந்தார்கள். வழியெல்லாம் சந்திச் சத்தங்கள் திறந்த யன்னல்களால் உள்ளே வந்துகொண்டிருந்தன.

சுஜித்தாவின் கால் பிழைத்தது. முழங்கால் சரியாக மடங்காது என்றார்கள்.

பாண்டிருப்பைச் சேர்ந்த கனகரெத்தினம் புது டிறைவராக வந்தார். அவருக்கு வழி சொல்லிக் கொடுக்கும்படி இங்கர் ஆள் அனுப்பினாள். மீராசாஹிபு போய் எல்லாவற்றையும் சொன்னார். எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்பது, எந்தத் திருப்பத்தில் கோண் அடித்து வரவைத் தெரிவிப்பது. இங்கர் அடுத்த அறையில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

ஊரில் கதை வேறு விதமாகப் பரவியது. வெள்ளக்காரி நன்றி கெட்டவள் என்றான் மஜீட். ஜுனைதா சோறு மட்டும் போட்டாள். மீராசாஹிபு சம்மாந்துறையில் ஒருவரின் டிறாக்டர் ஓடப் போனார்.

ஒரு புதன்கிழமை அவர் கிட்டங்கிக்கு மண் ஏற்ற வந்தபோது வெள்ளை வாகனம் கடையோரம் நின்றது. கனகரெத்தினம் ஒரு தயிர்க்காரனிடம் கதைத்துவிட்டு வந்து ஏறினார்.

"வழி எப்படி?" என்ற குரல் கேட்டது.

"நல்லம், மிஸ்ஸி. போவம்."

இங்கர் உடனே தலையாட்டவில்லை. யன்னலால் தலையை நீட்டித் தாம்போதியைப் பார்த்தாள். சைக்கிள்கள் வருவதைத் தன் கண்ணால் பார்த்தாள். தயிர்க்காரனைக் கூப்பிட்டு, கனகரெத்தினம் கேட்டதையே தானும் கேட்டாள். பிறகு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டிகளை, அவற்றின் இடைவெளியை. அதற்குப் பிறகுதான், "போவம்," என்றாள்.

முன்னால் திரும்பும்போது அவள் கண் டிறாக்டரில் பட்டது. அவள் கை உயர்த்தினாளா என்பது மீராசாஹிபுவுக்குத் தெரியாது. அவர் மறுபக்கம் இறங்கி, காற்றுக் குறையாத சில்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.