மிளகாய் உலர்த்திய வெப்பமூட்டியும் குலைந்த சம்பந்தமும்

என் மாமாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கூடிய உறவினர், அவருடைய நற்பண்புகளைச் சுருக்கமாகவும் அவருடைய இயந்திரத்தைப் பற்றி விரிவாகவும் பேசினர். சின்னம்மாவின் கலியாணப் பேச்சைக் குலைத்தது அவ்வியந்திரமே என்பது எங்கள் குடும்பத்தில் ஐயத்துக்கு இடமற்ற வரலாறு. அவ்வரலாறு பிழையானது. அதனை அறிந்த நான் இனியும் வாளாவிருத்தல் முறையன்று என்பதால் இதனை எழுதுகிறேன்.

எண்பதாம் ஆண்டுக்குச் சற்று முன்னர் வட்டக்கச்சியில் நாங்கள் மிளகாய் பயிரிட்டிருந்தோம். மாசியில் காலந்தவறி மழை பெய்ய, பறித்த பழம் முற்றத்திலேயே அழுகத் தொடங்கியது. அம்மாவின் தமையனாரான மாமா, வவுனியாவில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து ஏதோ ஒன்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவந்து இறக்கினார். பச்சை வண்ணம் பூசிய பீப்பாய். அதன் வாயில் துதிக்கை போன்ற துணிக்குழாய். பனி கொட்டும் நாடொன்றில் படையினரின் பெருங்கூடாரத்தை வெம்மையாக்கச் செய்யப்பட்ட எரிபொருள் வெப்பமூட்டி அது.

அயல்வீட்டுக்காரர் அதனைச் சுற்றிவந்து பார்த்தார்.

“தம்பி, வட்டக்கச்சி வெயில் காணாதெண்டு சூட்டையும் விலைக்கு வாங்கினனியோ?”

“சிரியுங்கோ அண்ணை. உங்கட மிளகாய் அழுகேக்கை என்னட்டைத்தான் வருவியள்.”

மின்சாரம் எட்டாத ஊர் ஆகையால், வெப்பமூட்டியின் காற்றாடியை நீரிறைக்கும் இயந்திரத்தோடு பட்டி போட்டு இணைத்தார் மாமா. அது தன் பிறந்த நாட்டில் சுழன்றதைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாகச் சுழன்றது. தார்ப்பாய்ப் படங்குகளை விரித்து நீண்ட கூடாரம் கட்டி, உள்ளே கம்பிவலைத் தட்டுகளில் மிளகாயைப் பரப்பினார். சூடான காற்று காரத்தைச் சுமந்துகொண்டு வயற்பக்கமாக வெளியேறும். வீட்டுப்பக்கத்துப் படங்கு இறுகக் கட்டப்பட்டிருக்கும். இவ்வேற்பாட்டில் குற்றமேதும் இல்லை என்பதை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன்.

அம்மாவின் தங்கையாகிய சின்னம்மாவைப் பெண்பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதும் மாமா இயந்திரத்தை முதன்முதலாக இயக்கிய அன்றே அமைந்தது. ஆசிரிய கலாசாலையிலிருந்து சின்னம்மாவுக்கு அனுமதிக் கடிதம் வந்திருந்தது. பெண் வேலைக்குப் போகலாகாது என மாப்பிள்ளையின் தாயார் முன்னரே சொல்லியனுப்பியிருந்தார். சம்பந்தம் பொருந்தினால் கடிதத்துக்கு வேலையில்லை. சின்னம்மாவின் விருப்பத்தை எவரும் கேட்டதாக நினைவில்லை.

“அண்ணை, இண்டைக்கு மட்டும் உதை நிப்பாட்டுங்கோவன்” என்று அம்மா மன்றாடினார்.

“நிப்பாட்டினால் பூஞ்சணம் பிடிச்சிடும். சத்தம்தானே, அவை பொறுப்பினம்.”

விருந்தினரின் கார் வாசற் படலையில் நின்றதும் சின்னம்மா என்னைக் குசினிக்கு அழைத்தார். “பிள்ளை, மாமா வேர்த்து விறுவிறுத்துப் போனார். ஓடிப்போய் வீட்டுப்பக்கத்துப் படங்கை அவிட்டுவிட்டு, வயல்பக்கத்தைக் கட்டிவிடு. நல்லா இறுக்கிக் கட்டு.”

மாமா இயந்திரத்தின் மேற் குனிந்திருந்தார். சொன்னபடியே செய்துவிட்டு வந்தேன்.

முதலில் மாப்பிள்ளை தும்மினார். பின்னர் அவருடைய கண்ணிலிருந்து நீர் தாரையாய் வழிந்தது. நல்ல இளகிய மனம் என்று அம்மா மகிழ்ந்தார். அடுத்த கணம் அம்மாவும் அழுதார். இருமல் கூடமெங்கும் பரவியது. அந்நேரத்தில், ஈரச் சேலைத்தலைப்பால் வாயையும் மூக்கையும் மூடி, நிலம் நோக்கியவாறு தேநீர்த் தட்டுடன் சின்னம்மா வந்து நின்றார். அதனை நாணம் என்று நான் கருதினேன்.

“தேத்தண்ணி குடியுங்கோ மாமி” என்றார், மிக இனிமையாக.

“ஐயோ, ஆக்களெல்லாம் செத்துப்போகினம், இவா ஒருத்தி மட்டும் கல்லு மாதிரி நிக்கிறா! எழும்பு தம்பி, எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்” என்று தாயார் மகனை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

மாமா கரிபடிந்த கையோடு ஓடிவந்து, காற்றாடியின் வேகத்தைத் தாம் பிழையாகக் கணித்துவிட்டதாகத் தாமாகவே ஒப்புக்கொண்டார். மிளகாயோ சருகாய்க் காய்ந்திருந்தது. மறுநாள் அயல்வீட்டுக்காரர் தம்முடைய சாக்குகளோடு வந்து நின்றார். சின்னம்மா எனக்கு ஒரு தட்டு நிறையப் பயற்றம் பணியாரம் தந்தார். மாமாவின் வேர்வைக்கு நான் இரங்கியதற்கான பரிசு என்றே அதனை உண்டேன்.

இயந்திரத்தின் நிறத்திலோ நிகழ்வுகளின் ஒழுங்கிலோ பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தியருளுமாறு வேண்டுகிறேன். பள்ளிக்கூட அதிபராகி ஓய்வுபெற்ற சின்னம்மாவிடம் இக்கையெழுத்துப் படியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை வாசித்தவர், ஒரேயொரு குறையைத்தான் சுட்டினார்:

“காத்து எந்தப் பக்கமெண்டு நீ எழுதேல்லை, பிள்ளை. அண்டைக்கு வாடைக் காத்து, நேரே வீட்டுப்பக்கம். நான் விடியவே எழும்பிப் பாத்து வைச்சனான்.”