கரும்புக்குள் ஒரு கேப்பபிள் மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் ‘கேப்பபிள்’ என்ற ஆங்கிலச் சொல், ஆங்கிலம் தெரியாதவர்களிடம்தான் அதிகம் புழங்கியது. கல்வராயன் மலை வளைவில் லாரியை ரிவர்ஸ் எடுப்பவர் கேப்பபிள். தாலுகா ஆபீசில் ஒரே நடையில் கையெழுத்து வாங்கி வருபவர் கேப்பபிள். இதெல்லாம் செய்து காட்டியவர்களுக்கு. எதையுமே செய்து காட்டாத பையனுக்கும் அதே சொல்தான். பெண் வீட்டில் அவனைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை என்று பொருள். நான் இரண்டாவது வகை. பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. அம்மாவோடும் மாமாவோடும் சங்கராபுரத்தைத் தாண்டி எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று பஸ் நடுவழியில் நின்றது. ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. மறித்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். பொழுது சாய்ந்ததும் விட்டுவிடுவோம், அதுவரை நிழலில் உட்காருங்கள் என்றார்கள். நிழல் தந்த மரத்தைத்தான் வெட்டியிருந்தார்கள்.

அம்மா உட்காரலாம் என்றாள். பெண் வீடு பக்கம்தான், கரும்புத் தோட்டத்தில் புகுந்தால் நேராகப் போய்விடலாம் என்று நான் அறிவித்தேன். மாமா பெருமையாக அம்மாவைப் பார்த்தார். “பாத்தியா, கேப்பபிளு.”

ஆளை மறைக்கும் கரும்புக்குள் திசை என்று ஒன்று கிடையாது. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி வெளியே வந்தால் எதிரே அதே புளியமரம். மறித்தவர்கள் கையசைத்தார்கள். மறுபடி புகுந்தோம். இந்தத் தடவை வெளிப்பட்ட இடம் ஒரு வீட்டுக் கொல்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண், காய்ந்த கரும்புச் சோகை கிழித்த என் கைகளையும் தலைமுடியில் செருகியிருந்த தோகையையும் பார்த்தாள்.

“கரும்பு வெட்டறவங்களா? அப்பா நாளிக்குத்தான வரச் சொன்னாரு?”

பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்றார் மாமா. அவள் சாம்பல் கையோடு உள்ளே ஓடினாள். நாங்கள் தேடி வந்த வீடும் அதுதான், பெண்ணும் அவள்தான்.

கூடத்தில் உட்கார வைத்தார்கள். உள்ளே சாம்பார் கொதிக்கும் வாசனை. எங்களுக்கோ பசியில் கண்ணை இருட்டியது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். குடித்தோம். ஆகவே மாமா அவசரப்பட்டார். பையன் ரொம்பக் கேப்பபிள் என்று பெண்ணின் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கதவோரத்திலிருந்து அவள் குரல் வந்தது. “இன்னாத்துல கேப்பபிளுன்னு கேளுப்பா.”

மாமா என் பக்கம் கையைக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பொய்யாவது அகப்படுமா என்று தேடினேன். பசியில் அதுவும் அகப்படவில்லை.

“இதுவரிக்கும் ஒண்ணுலயும் இல்லீங்க,” என்றேன். “இவங்கள கரும்புல இட்டுக்கினு சுத்தனதும் நான்தாங்க.”

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள். உள்ளே ஒரு சிரிப்பு கிளம்பியது. சிரிப்பை அடக்க முடியாமலே அவள் அடுப்படியில் இருந்த தன் அம்மாவிடம் சொன்னாள்:

“எலய போடும்மா. பாவம், ரொம்ப சுத்திட்டு வந்துருக்காங்க.”

மாமா முதல் ஆளாகக் கை கழுவப் போனார்.