சாம்பல் போட்டுத் தேய்த்த வெள்ளி

காலைப் படகு புறப்படுகிற நேரத்தில் ரெஜினா தன் இரண்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுந்தீவு இறங்குதுறைக்கு ஓடிவந்தாள். பிள்ளைக்கு மூன்று நாளாக வயிற்றோட்டம். கண் செருகிக் கிடந்தது. அப்போது நான் தீவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

"நீங்கள் தந்த பில்டர் தண்ணியைத் தவிர வேற ஒண்டும் குடுக்கேல்லை ஐயா" என்றாள். இருவரையும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் படகேற்றினேன்.

அந்த பில்டர் ஒரு மண்சட்டி. உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நனோ வெள்ளித் துகள் பூசியிருக்கும். கிருமியைக் கொல்வது அதுதான். கொழும்பில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. தரம் பார்க்கும் அலுவலகம் பரிசோதித்து முத்திரை குத்தியது. ஓர் உதவி நிறுவனம் தீவுக்கு ஏற்றிவந்தது. நாலாவது ஆள் நான். 'பாவிக்கும் முறை வீட்டாருக்கு விளக்கப்பட்டது' என்ற இடத்தில், படகுக்கு நேரமாகிறதென்று அத்தனை படிவத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்து வைத்தவன். ஒரு வீட்டிலும் குசினிக்குள், அடுப்படிக்குப் போகவில்லை.

அன்று போனேன். ரெஜினாவின் கணவன் அல்போன்ஸ் சட்டியைத் தூக்கிக் காட்டினான்.

"ஒவ்வொரு நாளும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டு உரஞ்சித்தான் கழுவுறவ. அவவின்ர குசினியில ஒரு கறை இருக்க ஏலாது."

பூச்சு போய்விட்டது. உரஞ்சக்கூடாது என்று சட்டியோடு வந்த தாளில் இருந்தது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சட்டித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கிருமி இருந்தது.

மேலதிகாரி தொலைபேசியில் சொன்னார்: "சனம் பிழையாப் பாவிச்சதெண்டு எழுதும். அதோட விடும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. 'விளக்கப்படவில்லை. கையெழுத்து என்னுடையது' என்று எழுதி மூன்று இடத்துக்கும் அனுப்பினேன். விசாரணை வந்தது, கண்டனக் கடிதமும் வந்தது. படம் போட்ட தமிழ்த் தாளும் வந்தது.

ஒரு கிழமை கழித்துப் பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து மெலிந்து, உயிரோடு திரும்பியது. நான் பார்க்கப் போனேன்.

"நான் துப்புரவா வச்சிருந்ததுதான் பிழையோ ஐயா?"

"இல்லைத் தங்கச்சி. நான் வராமல் விட்டதுதான் பிழை."

ரெஜினா அடுப்பில் கொதித்த தண்ணீரை இறக்கி ஆறவைத்தாள்.

ஓய்வு பெறும்வரை குசினியைப் பார்க்காமல் நான் படிவத்தின் அந்த இடத்தில் கையெழுத்து வைத்ததில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.