காசியின் குழாய்த் தேர்வு

அடையாறில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பின்னால் ஒரு தொழிற்பயிற்சி நிலையம். அனுபவமுள்ள பிளம்பர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் புதிய திட்டம் அங்கே நடக்கிறது. முப்பது வருடமாகக் குழாய் வேலை பார்க்கும் காசி, மாடியிலிருந்து தரை வரை குழாய் பொருத்திவிட்டார். கசிகிறதா என்று பார்க்கத்தான் நிலையத்தில் தண்ணீர் இல்லை. லாரி நாளைக்குத்தான் வருமாம்.

"இன்னிக்கு சர்டிபிகேட் குடுத்தாதான் சார் அப்பார்ட்மென்ட்ல வேலை" என்று தேர்வாளரிடம் சொல்லிவிட்டு, காசி வாசலுக்கு வருகிறார். "மேடம், அந்த பாட்டில் தண்ணியக் குடுங்க. அப்டியே திருப்பித் தந்துடறேன்."

என் கையில் இருப்பது முழு லிட்டர் பாட்டில், இன்னும் திறக்காதது. கொடுத்துவிட்டு நானும் உள்ளே போகிறேன். தேர்வாளர் பாட்டிலோடு மாடியேறி, மேல் முனையில் ஊற்றிவிட்டு இறங்குகிறார். காசி குழாயின் கீழ் முனையைத் திறந்து, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து என்னிடம் நீட்டுகிறார்.

"அளவு பாத்துக்கோங்க மேடம்."

"நாலு விரல் குறையுதே" என்று சொல்லிவிடுகிறேன்.

தேர்வாளரின் பேனா நின்றுவிடுகிறது. காசி என்னை முறைக்கிறார்.

"இன்னா மேடம் நீங்க? எங்கனா ஈரம் கீதா, தொட்டுப் பாருங்க."

தேர்வாளர் எங்கள் இருவரையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்.

"மாடி ஏறினதுல மூச்சு வாங்குச்சு. ரெண்டு வாய் குடிச்சேன்."