காரில் மிஞ்சிய இரும்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் உடையார்கட்டில் எங்கள் வளவுக்குள் ஒரு பழைய கார் வந்து சேர்ந்தது. என்னவர் அதை முழுதாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, திரும்பவும் பொருத்திப் பூட்டினார். கார் வளவை இரண்டு தரம் சுற்றி வந்தது. வைகாசிப் பொங்கலுக்கு அதில்தான் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். மகளுக்குக் கொப்புளம் போட்ட அம்மாள் வருத்தம் மாறினால் பொங்கிப் படைப்பேன் என்று நேர்ந்திருந்தேன், மாறியும் விட்டது.

திங்கள் பொங்கல். சனிக்கிழமை, சாமான் பெட்டியின் அடியில் ஒரு இரும்பு மிஞ்சிக் கிடந்ததை அவர் கண்டார். உள்ளங்கையளவு வட்டம், ஓரமெல்லாம் பல்லு, பின்னால் ஒரு காம்பு.

உடனே என் தமையனும், மலையகத்தில் லொறி ஓட்டிய பக்கத்து வளவுக்காரரும் வந்துவிட்டார்கள்.

"பல்லைப் பார் மச்சான், இது கியர்ப் பெட்டிச் சாமான்," என்றார் தமையன்.

"இது இல்லாமலா ஓட்டுனீங்க?" என்றார் லொறிக்காரர். "மேட்டுல ஏத்தியிருந்தா ஆளையே கொன்னிருக்குமுங்க!"

"சத்தம் வரேக்கையே நான் யோசிச்சனான்," என்றார் என்னவர். அப்படி ஒரு சத்தம் வந்ததாக அவர் அதுவரை எவருக்கும் சொன்னதில்லை.

தேத்தண்ணி கொண்டுபோனபோதுதான் பார்த்தேன். அது என் தேங்காய் துருவும் திருவலையின் அலகு. கழன்றுபோனதை இறுக்கித் தரச்சொல்லி மாசியில் அவரிடம் கொடுத்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு ஆம்பிளைகளின் கதைக்குள் வாய் வைத்துப் பழக்கமில்லை. அவருக்கே ஞாபகம் வரும் என்று குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். ஞாபகம் வரவில்லை, கியர்ப் பெட்டிதான் வெளியே வந்தது.

ஞாயிறு பின்னேரம் பாதிக் கார் பாயில் பரவிக் கிடந்தது. இரும்பு ஓரிடத்திலும் பொருந்தவில்லை.

"பல்லை அராவினாச் சரிவரும்," என்று தமையன் அரத்தை எடுத்தார்.

அதற்குமேல் பொறுக்கவில்லை. "அது என்ர திருவலை அலகு," என்றேன், குசினி வாசலில் நின்று.

லொறிக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் காலத்துல கார்ச் சாமான்லதான் இதெல்லாம் செஞ்சிருப்பாங்க."

"ஓம், அப்படித்தான் இருக்கும்," என்று மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே!" என்று என்னவர் என் மீது பாய்ந்தார்.

திங்கள் காலை மகளையும் பானையையும் கொண்டு பஸ் ஏறினேன். நேர்த்தியை முடித்து மறுநாள் திரும்பினால், கார் திரும்பப் பொருத்திப் பூட்டியாகிவிட்டது. சுளகொன்றில் மூன்று சாமான்கள் மிஞ்சியிருந்தன.

"இஞ்சாரும், இதுகளும் குசினிச் சாமானோ எண்டு ஒருக்காப் பாரும்," என்றார்.

வடிவாகப் பார்த்தேன். ஒன்றும் என்னுடையதில்லை.