கேட்காமல் அனுப்பிய படம்

மாலை நான்கு இருபது. முதலில் கண்ணில் பட்டவை இரண்டு கைகள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசில் மாட்டும் முன், சில பெண்களின் மூட்டைகளிலிருந்து கணக்கப்பிள்ளை இரு கையாலும் கொழுந்தை அள்ளி, மூலையில் கிடந்த இன்னொரு மூட்டையில் போட்டார். பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் ஹட்டன் நகரில் இருந்து ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறேன். அன்று போனது மடுவத்தின் கூரை ஒழுகுவதைப் படம் எடுக்க. கூரையை விட்டுக் கைகளைப் படம் எடுத்தேன். நான்கு இருபத்து மூன்றுக்கு அந்தப் படம் எங்கள் இணையச் செய்திப் பக்கத்தில் இருந்தது: "கண்ணெதிரே கொழுந்துத் திருட்டு." இடம் சரி, நேரம் சரி, ஆள் சரி. ஏன் என்பது மட்டும் இல்லை. கேட்டிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் நான்கு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

இந்த அவசரம் எனக்குப் புதிதல்ல. இரண்டு முறை பஸ்ஸில் இருந்தபடியே குறுஞ்செய்தியில் வேலையை விட்டிருக்கிறேன். இரண்டு முறையும் மறுநாள் காலை வேலையைத் திரும்பக் கேட்டு ஆசிரியர் மேசை முன் போய் நின்றிருக்கிறேன். கோபம் வந்தால் என் கட்டைவிரல் எனக்கு முன்னே போய்விடும். அதைத் தொழில் திறமை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

மறுநாள் மாலை அக்கா அழைத்தாள். அதே டிவிசனில் கொழுந்து பறிக்கிறவள்.

"ஏன்டா, அந்த மூலை மூட்டை யாருதுன்னு கேட்டியா?"

"யாருது?"

"என்னுதுடா."

அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்து, கூடி, வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். பதினெட்டு கிலோ இருந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். அந்தக் கையால் அவளுக்குப் பதினான்குக்கு மேல் வரவில்லை. மீதியை மற்றப் பெண்கள் கொடுத்தார்கள். நான் வளர்ந்தது பக்கத்துத் தோட்டத்தில். அங்கேயும் கொடுப்பார்கள்; ஆனால் மலையிலேயே, செடிகளுக்கு நடுவே கொட்டிவிடுவார்கள். இங்கே வழக்கம் வேறு. வாங்குகிறவள் மூட்டையை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பாள். தலையசைக்கிறவள் மூட்டைக்குள் மட்டும் கணக்கப்பிள்ளையின் கை போகும். யார் கொடுத்தாள், யார் கொடுக்கவில்லை என்பது வாங்குகிறவளுக்குத் தெரியாது. நான் கைகளைப் பார்த்தேன். தலைகளைப் பார்க்கவில்லை.

படம் வந்த மறுநாள் காலையே தோட்டத்தை நடத்தும் தொரையின் உத்தரவு வந்திருந்தது: மடுவத்தில் ஒருவர் மூட்டையில் இன்னொருவர் கை படக் கூடாது. அன்று அக்காவுக்கு அரைப் பேர். அந்தத் தோட்டத்தில் தொடர்ந்து மூன்று நாள் அரைப் பேர் விழுந்தால் கொழுந்திலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்காவின் கை மண்வெட்டியைத் தாங்காது. மிச்சம் இரண்டு நாள்.

அடுத்த நாள் மாலை மடுவத்துக்குப் போனேன். வரிசையில் நின்ற ஒருத்தி என்னைப் பார்த்ததும் பின்னால் திரும்பினாள்.

"பேப்பர்காரரு வந்துட்டாரு. மூட்டைய இறுக்கிக் கட்டுங்கடி."

"நீ பல்லக் காட்டாத. படம் புடிச்சுப் பல்லுத் திருட்டுன்னு போட்ருவாரு," என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் மூட்டை தராசில் ஏறியது. பதினான்கு.

"அரைப் பேருதாம்மா," என்றார் கணக்கப்பிள்ளை. "நான் என்ன செய்ய? தம்பி எழுதின எழுத்து."

காது சூடானது. போன் கைக்கு வந்தது எனக்கே தெரியவில்லை. "காயப்பட்ட பெண்ணைப் பழிவாங்கும் நிர்வாகம்" என்று தொடங்கி எட்டு வரி அடித்துவிட்டேன். அனுப்புவது மட்டும் பாக்கி. அப்போதுதான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். முந்தைய படத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. இதற்கு அதைவிடக் கடுமையாக இன்னொன்று வரும். அக்காவிடம் இருப்பது ஒரே நாள். போனை அணைத்து அவளிடம் நீட்டினேன்.

"இத வெச்சுக்க. காலையில வந்து வாங்கிக்கிறேன்."

"இந்தப் பாம்ப எதுக்குடா எங்கிட்ட குடுக்குற?"

"அணைச்சுத்தான் இருக்கு."

"கடிச்ச பாம்புதான," என்று சொல்லி மடியில் செருகிக்கொண்டாள்.

ஹட்டனுக்கு நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் கை வெற்றுச் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. பிறகு குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினேன். முதல் மூன்று முறையும் தொரைதான் குற்றவாளியாக வந்தார். நான்காவதில் நான் செய்ததும் பெண்கள் கொடுத்ததும் மட்டும் இருந்தன. ஆறு வரி. பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது கோபம் என்னோடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில், வேலை பிரிப்பதற்கு முன், கணக்கப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்த ஆறு வரியை அவருக்கும் பெண்களுக்கும் வாசித்துக் காட்டினேன். முந்தைய நாள் மூட்டையை இறுக்கிக் கட்டச் சொன்னவள் குறுக்கிட்டாள்.

"உதவின்னு போடாதீங்க. பிச்சை மாதிரி இருக்கு. நாளைக்கு எனக்குக் கை ஒடிஞ்சா அவ குடுப்பா."

உதவியை அடித்துவிட்டுக் கைமாற்று என்று எழுதினேன். அக்காவிடம் போனை வாங்கித் திருத்தத்தைப் போட்டேன். கணக்கப்பிள்ளையும் நானும் தோட்டத்து ஒபீசுக்குப் போனோம். தொரை நின்றபடியே திருத்தத்தை வாசித்தார். மடுவத்தில் கை வைக்கக் கூடாது என்பதை மாற்ற முடியாது என்றார். மலையில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கத் தனக்கு நேரமில்லை என்றும் சொன்னார். அதைப் பெண்களிடம் சொல்லக் கணக்கப்பிள்ளை எனக்கு முன்னே மலைக்கு ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து என் முறை இதுதான். முதலில் பென்சில். எழுதியதை அதில் வருகிற ஒருவருக்காவது வாசித்துக் காட்டுவேன். பிறகுதான் போன். கட்டைவிரல் இப்போதும் துடிக்கும். ஆனால் சொன்ன சொல் கேட்கும். சில செய்திகள் மற்றவர்களுக்குப் பிறகுதான் என்னிடமிருந்து வருகின்றன. அதற்குப் பின் இன்னொரு திருத்தம் போட வேண்டி வரவில்லை.

திருத்தம் வந்த அன்று மாலை நான்கு இருபதுக்கு அக்காவின் மூட்டை தராசில் ஏறியது. பதினெட்டரை கிலோ.